கடைமடை வரை வந்த பித்தளை

தரங்கம்பாடிப் பக்கத்து வயல்களில் மோட்டார் எடுக்கவில்லை என்றால் பழி முதலில் மின்வாரியத்தின் மேல் விழும். லைனில் மூன்று பேஸும் வருகிறது என்று தெரிந்ததும் மோட்டாரின் மேல் விழும். காயில் எரிந்துவிட்டதா என்று பார்க்க ஆள் வருவார். அதுவும் நன்றாக இருந்தால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டின் மேல் விழும். "போர்டு போச்சுண்ணே, மாத்திடலாம்" என்பார் மெக்கானிக். பல சமயங்களில் போர்டு போயிருக்காது. வெளியிலிருந்து வரும் கம்பி போர்டைத் தொடுகிற இடம்தான் போயிருக்கும். பச்சை அல்லது நீல பிளாஸ்டிக் உடம்பும், அதற்குள் இரண்டோ மூன்றோ திருகும் உள்ள டெர்மினல் அது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சாமான் எங்கிருந்து கிளம்பி, எந்தெந்தக் கை மாறி, இந்தக் கடலோரம் வந்து சேர்கிறது, வந்தபின் ஏன் தோற்கிறது என்று பார்த்தால், டெல்டாவின் மோட்டார் கொட்டகைகளில் வீணாகும் பணத்துக்குக் கணக்குக் கிடைத்துவிடும்.

போர்டுக்கும் கம்பிக்கும் இயல்பிலேயே ஒத்துவராது. போர்டில் ஓடும் செம்புப் படலத்தின் கனம் வழக்கமாக 35 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஏறக்குறைய முப்பது கூறு போட்டால் அதில் ஒரு கூறு. கொட்டகைக்குள் வரும் கம்பியோ ஒன்றரை, இரண்டரை ஸ்கொயர் எம்.எம். அளவுள்ளது. காற்றடித்தால் ஆடும், மோட்டார் அதிர்ந்தால் அதிரும், யாராவது கால் தடுக்கினால் இழுபடும். அந்தக் கம்பியை நேராகப் படலத்தின் மேல் ஈயம் வைத்து ஒட்டினால், ஒரு நாள் கம்பியோடு படலமும் பெயர்ந்து கையில் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே நின்று இழுவையைத் தான் வாங்கிக்கொண்டு, மின்சாரத்தை மட்டும் போர்டுக்குள் விடுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். டெர்மினலுக்கு இட்ட வேலை அதுதான்.

வால்வு ரேடியோ காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அப்போது போர்டே இல்லை. ரேடியோவின் இரும்புச் சட்டத்தில் தகரக் காதுகள் வைத்த பட்டைகளைத் திருகி, கம்பிக்குக் கம்பி கையால் ஈயம் பற்றவைத்தார்கள். வியன்னாவில் பிறந்து 1936-ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர், செம்புத் தகட்டில் வேண்டாத பகுதியை அரித்தெடுத்துவிட்டு மிஞ்சிய கோடுகளையே கம்பியாக்கும் வழியைக் கொண்டுவந்தார். 1943-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். போருக்குப் பிறகு ரேடியோவும் டிவியும் ஒவ்வொன்றாகப் போர்டுக்கு மாறின. உள்ளே இருந்த கம்பிகள் ஒழிந்தன. வெளியிலிருந்து வரும் கம்பியை மட்டும் ஒழிக்க முடியவில்லை.

திருகி இறுக்கும் டெர்மினல் போர்டைவிட மூத்தது. 1923-ல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஹ்யூகோ க்னூமன் தொடங்கிய ஃபீனிக்ஸ் நிறுவனம், 1928-ல் ஆர்.டபிள்யூ.இ. என்ற மின் நிறுவனத்தோடு சேர்ந்து, வேண்டிய எண்ணிக்கையில் பக்கத்தில் பக்கமாக அடுக்கிக்கொள்ளும் டெர்மினலைச் செய்தது. இன்று டிரான்ஸ்ஃபார்மர் யார்டு முதல் லிஃப்ட் அறை வரை பேனல்களில் வரிசை கட்டி நிற்பவை எல்லாம் அந்த வம்சம்தான். 1951-ல் ஜெர்மனியின் மிண்டன் நகரத்து வாகோ நிறுவனம் திருகே வேண்டாம், ஸ்பிரிங்கே கவ்விக்கொள்ளட்டும் என்று இன்னொரு வழியைத் திறந்தது. போர்டுகள் பெருகியபின் இந்த டெர்மினல் உடம்பு சிறுத்து, அடியில் கால்கள் முளைத்து, போர்டின் துளைகளுக்குள் இறங்கியது. நம் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருப்பது இந்தக் கடைசிப் பிள்ளை.

நம் கடைகளுக்கு வருவதில் சீனாவிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்குவதும் உண்டு, இங்கேயே செய்வதும் உண்டு. இங்கே செய்வதற்கான பித்தளையின் வழித்தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் குஜராத்தின் ஜாம்நகரில் போய் நிற்போம். பித்தளைச் சாமான்களுக்கென்றே ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் இயங்கும் ஊர் அது. பிளக்கின் முள், ஸ்விட்சின் உள்பாகம், மீட்டரின் டெர்மினல், கேபிள் கிளாண்ட் என்று மின்சாரத்துக்கு வேண்டிய பித்தளை உறுப்புகளில் பெரும்பகுதி அங்கே உருவாகிறது. கச்சாப் பொருளில் பெரும்பகுதி கடல் கடந்து வரும் பழைய பித்தளை. வெளிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றிய குழாய்கள், வால்வுகள், பழைய சாதனங்களின் உறுப்புகள் எல்லாம் கன்டெய்னரில் வந்து இறங்கும். மஞ்சள் பித்தளைக் கழிவுக்கு உலகச் சந்தையில் 'ஹனி' என்று பெயர். ஆட்கள் உட்கார்ந்து கையால் தரம் பிரிப்பார்கள். காந்தத்தால் இரும்பைத் தனியே எடுப்பார்கள். பிறகு உருக்கிக் கம்பியாக இழுப்பார்கள். யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறைக் குழாயாக இருந்தது, நம் ஊர் வயலில் பேஸைத் தாங்க வருவது இப்படித்தான்.

அந்தக் கம்பி லேத்தில் ஏறும். இதற்கான பித்தளைக்கு ஐ.எஸ். 319 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அதன் முதல் வகையில் செம்பு 56 முதல் 59 சதவீதம், காரீயம் 2 முதல் 3.5 சதவீதம், மீதி துத்தநாகம். காரீயம் எதற்கு? அது இல்லாவிட்டால் லேத்தில் சீவல் நீளநீளமாகச் சுருண்டு உளியைச் சுற்றிக்கொள்ளும். காரீயம் கலந்தால் சீவல் பொடிப்பொடியாக உதிரும், ஆட்டோமேட்டிக் லேத் நிற்காமல் ஓடும், விலை இறங்கும். டெர்மினலின் விலை குறைவாக இருப்பதற்கு இந்தச் சிட்டிகைக் காரீயமும் ஒரு காரணம். கம்பியைக் கவ்வும் கூண்டும், போர்டில் இறங்கும் காலும் உருவானபின் மேலே நிக்கல் அல்லது வெள்ளீய முலாம் ஏறும். முலாம் ஏறினால் பித்தளையா இரும்பா என்று கண்ணுக்குத் தெரியாது. ஏமாற்று வேலைக்கு இடம் கிடைப்பது இங்கேதான்.

உடம்பு பெரும்பாலும் நைலான் 66. அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-ல் உருவாக்கிய அதே நைலான்தான். சாயம் கலந்து அச்சில் ஊற்றினால் பச்சை உடம்பு தயார். நல்ல டெர்மினலில் தீயைத் தாங்கும் சேர்மானமும் கலந்திருக்கும். நெருப்பு வைத்தால் கொஞ்சம் எரிந்து தானே அணையும். மட்டமான பிளாஸ்டிக் ஒழுகி ஒழுகி எரியும்.

உடம்பும் பித்தளையும் திருகும் ஒன்றுசேர்ந்து பாலித்தீன் பையில் அடைபட்டபின் சந்தைக்கு வரும். தமிழ்நாட்டில் அந்தச் சந்தைக்குப் பெயர் ரிச்சி ஸ்ட்ரீட். சென்னை அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில், நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு என்று கிளைவிட்டு ஓடும் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதி. டெல்டாவில் போர்டு வேலை பார்க்கிறவருக்கு மயிலாடுதுறையில் கிடைக்காதது கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கிடைக்கலாம். அங்கும் கிடைக்காதது திருச்சியில் கிடைக்கலாம். திருச்சியிலும் இல்லை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏற வேண்டும், அல்லது கூரியரில் வரவழைக்க வேண்டும்.

கடைக்காரரிடம் 'டெர்மினல் கொடுங்க' என்றால் கேள்விகள் வந்து விழும். டூ பின்னா, த்ரீ பின்னா? ஸ்க்ரூ டைப்பா, புஷ் டைப்பா? நேரா, ரைட் ஆங்கிளா? அஞ்சு எம்.எம்-ஆ, அஞ்சு புள்ளி சைபர் எட்டா? கடைசிக் கேள்வியில்தான் ஆள் சிக்குவார். டெர்மினலின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் உள்ள இடைவெளி ஒன்றில் 5 மில்லிமீட்டர், இன்னொன்றில் 5.08. இரண்டாவது அளவு அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்க அளவில் போர்டு வரைந்த காலத்தின் மிச்சம் அது. இரண்டு பின் டெர்மினலில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, எதைச் செருகினாலும் உட்காரும். பத்துப் பின் என்றால் ஒன்பது இடைவெளிக்கும் சேர்த்து 0.72 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். கடைசிக் கால் துளைக்கு வெளியே நிற்கும். சிலர் காலை வளைத்துத் திணிப்பார்கள். அப்படித் திணித்த கால் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். ஈயத்தில் விரிசல் விழுவது அங்கிருந்து தொடங்கும்.

சில்லறையாக வாங்குகிறவர் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறார். ஸ்டார்ட்டர் செய்கிறவர் மொத்தமாக வாங்குகிறார். அவர் இருப்பது பெரும்பாலும் கோயம்புத்தூரில். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் என்று பெயர் பெற்றது. மோட்டாரும் பம்பும் அங்கே பெருகியபோது அவற்றுக்கான ஸ்டார்ட்டர்களும் கூடவே பெருகின. ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்ட்டர், கரண்ட் வந்ததும் தானே ஓடவைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர், சிம் கார்டு போட்டு வீட்டிலிருந்து போனில் ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர் என்று போர்டின் வேலை வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே வந்தது.

போர்டில் டெர்மினலைச் செருகி ஈயக் குளியலுக்கு மேல் ஓடவிடுவார்கள். வெள்ளீயம் 63, காரீயம் 37 கலந்த ஈயம் 183 டிகிரியில் உருகும். குளியலை 250 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள். சில நொடிகளில் கால்கள் ஈயத்தில் நின்றுவிடும். இங்கே போர்டு எந்த வகை என்பது முக்கியம். நாம் ஹைலம் என்று சொல்லும் காகித பினாலிக் போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் செம்பு. டெர்மினலின் காலை ஒரு சிறு ஈய வளையம்தான் பிடித்திருக்கும். கண்ணாடி இழைப் போர்டில் துளையின் உள்சுவரிலும் செம்பு ஏற்றியிருந்தால் கால் முழு ஆழத்துக்கும் பிடிபடும். வெளிப்பார்வைக்கு இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி இருக்கும். வயலில் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தித் திருகும்போதுதான் வித்தியாசம் வெளிவரும். ஹைலம் போர்டில் அந்த முறுக்கு நேராக ஈய வளையத்துக்குப் போகும். வளையத்தில் மயிரிழை விரிசல் விழும். டிரை சால்டர் என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான்.

இந்தப் பெட்டி பார்சல் லாரியில் ஏறிக் காவிரியின் கடைமடைக்கு வருகிறது. மேட்டூர் அணை 1934-ல் வந்தது. குறுவைக்கு ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது மரபு. திறந்தாலும் கல்லணை தாண்டி, வீரசோழனாறு போன்ற கிளைகளில் பிரிந்து, முறை வைத்து, தரங்கம்பாடி வட்டாரத்துக்கு நீர் எட்டும்போது நாள் தள்ளிப்போயிருக்கும். அதற்குள் நாற்றங்காலுக்கு ஈரம் கொடுப்பது போர் மோட்டார். 1990-லிருந்து விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம். இரவில் கரண்ட் வந்தால் எழுந்து போய் மோட்டார் போடுகிற பாட்டை ஆட்டோ ஸ்டார்ட்டர் மிச்சப்படுத்தியது. விவசாயி தூங்கினார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாயுமா இல்லையா என்கிற பொறுப்பு டெர்மினலின் திருகுகளுக்குப் போனது.

அந்த வட்டாரத்துக் காற்று எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் தரங்கம்பாடிக் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்க்கலாம். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை எட்டாத இடங்களிலும் உப்புக் காற்று எட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகைச் சுவர் ஊறியிருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவு சரியாக மூடாது. கேபிள் நுழையும் துளையில் அதை இறுகப் பிடிக்கும் கிளாண்ட் போட்டிருக்க மாட்டார்கள். அந்தத் துளை வழியாக உப்புக் காற்றும் எறும்பும் பல்லியும் உள்ளே போகும். இரவில் பெட்டி குளிர்ந்தால் உள்ளே ஈரம் கோக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்து, செம்புக் கம்பி, பித்தளைக் கூண்டு, முலாம் பூசிய இரும்புத் திருகு என்ற மூன்று உலோகங்களுக்கு நடுவில் படியும். மூன்றும் வேறு வேறு உலோகம் என்பதால் ஈரத்தில் அரிப்பு வேகம் எடுக்கும். முதலில் திருகில் துரு தெரியும், பிறகு கம்பி நுனியில் பச்சை பூக்கும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கை வீட்டில் வைத்திருக்கிற எந்தப் பெண்ணுக்கும் பித்தளை கறுக்கும் என்று தெரியும், புளி போட்டுத் துலக்குவார். பெட்டிக்குள் இருக்கும் பித்தளையைத் துலக்க ஆள் கிடையாது.

கம்பிக்கும் கூண்டுக்கும் நடுவே இந்தப் பச்சைப் பாசி படிந்தால் என்ன ஆகும் என்பது, அந்தக் கம்பி எதைக் கொண்டுவருகிறது என்பதைப் பொறுத்தது. பம்புசெட் போர்டில் ஆர், ஒய், பி என்று மூன்று திருகுகள் இருக்கும். மூன்று பேஸும் இருக்கிறதா என்று போர்டு தெரிந்துகொள்வது அவற்றின் வழியாகத்தான். அதில் ஓடும் கரண்ட் மிகமிகக் கொஞ்சம். ஒரு திருகில் தொடர்பு விட்டால், அந்தப் பேஸே இல்லை என்று போர்டு முடிவு கட்டும். லைனில் மூன்று பேஸும் ஜோராக வந்துகொண்டிருக்கும், மோட்டார் மட்டும் எடுக்காது.

இந்த இடத்தில் டெஸ்டர் நம்மை ஏமாற்றும். மெக்கானிக் மூன்று திருகிலும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், மூன்றிலும் நியான் விளக்கு எரியும். நியான் எரிய ஒரு மில்லியாம்பியரில் சிறு பங்கு போதும். பாசி பிடித்த மோசமான சந்திப்பு வழியாகக்கூட அவ்வளவு கசிந்துவிடும். 'மூணு பேஸும் டாண்ணு வருது, போர்டுதான் போச்சு' என்று தீர்ப்பு எழுதுவது இப்படித்தான். மீட்டரை எடுத்து, போர்டு வேலை செய்துகொண்டிருக்கும்போது, கம்பியின் செம்பில் ஒரு முனையும் போர்டின் ஈயத்தில் ஒரு முனையும் வைத்துப் பார்த்தால், நடுவில் காணாமல் போகும் வோல்ட் தெரிந்துவிடும். நல்ல சந்திப்பில் அப்படி எதுவும் காணாமல் போகாது. இது 415 வோல்ட் ஓடும் இடம். பழகியவர் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை.

போர்டை மாற்றினால் செலவோடு போகும். இன்னொன்று நடப்பதுண்டு, அது இன்னும் மோசம். நாற்றங்கால் காய்கிறது, போர்டு வர இரண்டு நாளாகும் என்றால், 'இப்போதைக்கு டைரக்டா போட்டுடறேன்' என்று பிரிவென்ட்டரைத் தாண்டிக் கம்பியைச் சேர்த்துவிடுவார்கள். மோட்டார் ஓடும், தண்ணீர் பாயும். இப்போதைக்கு என்று செய்தது அப்படியே நிலைத்துவிடும். பிறகொரு நாள் நிஜமாகவே ஒரு பேஸ் போகும். தடுக்க யாருமில்லாமல் மோட்டார் இரண்டு பேஸில் உறுமிக் காயிலை எரித்துக்கொள்ளும். ரீவைண்டிங் கூலியும் செம்புக் கம்பி விலையும் போர் மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலியும் சேரும். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு தளர்ந்த திருகு.

பவர் கரண்ட் நேராகப் போகும் டெர்மினலில் நோய் வேறு மாதிரி. வீட்டுக் கிணற்று ஒரு ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஏழு ஆம்பியரை ஒட்டி எடுக்கும். சந்திப்பில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை ஏறிவிட்டால், ஏழு பெருக்கல் ஏழு பெருக்கல் 0.1, கிட்டத்தட்ட 5 வாட் சூடு அந்த நகமளவு இடத்தில் கிளம்பும். சூட்டில் உலோகம் விரியும், அணைத்தால் சுருங்கும். விரிந்து சுருங்கித் திருகு இன்னும் தளரும். தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். பச்சை பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், பிறகு இளகும். பெட்டியைத் திறந்ததும் வரும் தீய்ந்த வாடையை வைத்தே அனுபவசாலிகள் இடத்தைக் காட்டிவிடுவார்கள்.

உப்பின் மேலும் ஊரின் மேலும் எல்லாப் பழியையும் போட முடியாது. கை வேலையின் பங்கும் பெரிது. நெளியும் தன்மையுள்ள பல இழைக் கம்பியின் நுனியில் ஈயம் பூசி டெர்மினலில் இறுக்குவது நம் ஊரில் நல்ல வேலை என்று பெயர் வாங்கியிருக்கிறது. அது தவறு. ஈயம் மென்மையான உலோகம். திருகின் அழுத்தத்தில் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வழிந்து இடம் விடும். இறுக்கிய திருகு தானே தளர்ந்து நிற்கும். ஈயம் பூசாமல் அப்படியே வைத்து, திருகு நேராக இழைகள் மேல் இறங்கும் மலிவான டெர்மினலில் இறுக்கினால், பாதி இழை நறுக்கப்படும். சரியான வழி பின் லக். நுனியில் மெல்லிய உலோகக் குழலை மாட்டி, அதற்கென உள்ள கிரிம்பிங் கருவியால் அமுக்கிவிட்டு டெர்மினலில் செருக வேண்டும். பேனல் செய்கிறவர்கள் இதை எப்போதும் செய்கிறார்கள். வயல் வரை இந்தப் பழக்கம் வந்து சேரவில்லை.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். நல்ல வகை டெர்மினலில் திருகைச் சுற்றினால் உள்ளிருக்கும் கூண்டு மேலே ஏறிக் கம்பியைக் கவ்வும். புதிதாக வரும்போது கூண்டு பாதி ஏறிய நிலையில் இருப்பதுண்டு. கழற்றிக் கீழே இறக்காமல் கம்பியைச் செருகினால், கம்பி கூண்டுக்குள் போகாமல் அதன் அடியில் போய் உட்காரும். திருகு நன்றாக இறுகும், கைக்கு டைட்டாகத் தெரியும், கம்பியை ஒன்றும் பிடித்திருக்காது. இறுக்கியபின் கம்பியை ஒரு முறை இழுத்துப் பார்த்தால் இது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

தரங்கம்பாடிக்குச் சின்னஞ்சிறு உலோகத் துண்டுகள் வெளியூரிலிருந்து வந்து, ஊருக்குப் பொருந்தாமல் போனது இது முதல் தடவை அல்ல. 1706-ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு தமிழில் அச்சடிக்க விரும்பினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713-ல் கப்பலில் வந்தன. எழுத்துகள் பெரியவை, தாளை விழுங்கின. தாளோ கடல் கடந்து வர வேண்டிய சரக்கு. ஹாலேயிலிருந்து வந்திருந்த அச்சர் ஆட்லர் பக்கத்துப் பொறையாறில் வார்ப்புப் பட்டறை வைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிந்தது. ஹாலேயில் அழகாகத் தெரிந்த அளவு இங்கே உதவாது என்று தெரிந்ததும், அந்த எழுத்தையே கட்டிக்கொண்டு அழவில்லை. வேண்டிய அளவைத் தாங்களே தீர்மானித்தார்கள்.

ஸ்டார்ட்டர் விஷயத்தில் கடற்கரை அப்படி எதையும் தீர்மானிக்கவில்லை. கோயம்புத்தூரின் உலர்ந்த காற்றில் நன்றாக ஓடும் பெட்டியே கடல் பக்கத்துக்கும் வருகிறது. கேட்கிறவர் வாட்டேஜும் விலையும் கேட்கிறார், உள்ளே என்ன திருகு என்று கேட்பதில்லை. கேட்டால் கிடைக்காத பொருள் ஒன்றுமில்லை. திருகும் கூண்டும் பித்தளையாக உள்ள டெர்மினல் கிடைக்கிறது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தாலே இரும்பா இல்லையா என்று தெரிந்துவிடும். இரண்டு துண்டாகப் பிரியும் டெர்மினல் கிடைக்கிறது. கம்பி மாட்டிய பாதியை அப்படியே உருவி எடுத்துவிட்டுப் போர்டை மட்டும் மாற்றலாம், ஆர் எங்கே ஒய் எங்கே என்று டார்ச் வெளிச்சத்தில் தேட வேண்டாம். போர்டின் மேல் பூசும் வார்னிஷ் கிடைக்கிறது. ஈயச் சந்திப்புகளின் மேல் அது அவசியம், திருகுத் துளைக்குள் மட்டும் போகக் கூடாது. கேபிள் நுழையும் இடத்துக்குக் கிளாண்ட் கிடைக்கிறது. இழுவையைப் பெட்டியின் சுவரே வாங்கிக்கொண்டால் டெர்மினலின் பாடு பாதியாகும்.

மீனவர்களுக்கு இந்தப் பாடம் முன்பே தெரியும். ஃபைபர் படகில் வயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்ஸும் விளக்கும் பேட்டரியில் ஓடுகின்றன. அலை தெறிக்கும் இடத்தில் பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும். மிஞ்சுவது கைபட்டால் உதிரும் செம்புச் சக்கை. அதனால் முனையங்களில் கிரீஸ் தடவுவதும், சந்திப்பை மேலே ஏற்றிக் கட்டுவதும், பச்சை பூத்த நுனியை வெட்டியெறிந்துவிட்டுப் புது நுனி எடுப்பதும் படகில் இயல்பான வேலைகள். கடலில் வயர்லெஸ் செத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த எச்சரிக்கை கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயலுக்குப் போவதற்குள் தொலைந்துவிடுகிறது.

ஆயுள் முடிந்த டெர்மினல் போர்டோடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்கே பித்தளைக்குத் தனி விலை, இரும்பைவிடப் பல மடங்கு அதிகம். பிளாஸ்டிக்கைக் கொளுத்தியோ உடைத்தோ மஞ்சளைப் பிரித்தெடுப்பார்கள். கொளுத்துகிறவர் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார், அதற்கு யாரும் விலை போடுவதில்லை. பிரித்த பித்தளை மூட்டையாகி உருக்கும் ஊர்களுக்குத் திரும்பப் போகும். உலோகத்துக்குச் சாவு கிடையாது, வேறொரு உருவத்தில் இதே காற்றுக்குத் திரும்பி வரலாம். இடையில் நஷ்டப்பட்டது விவசாயிதான்.

ஆகவே குறுவைக்கு நாற்று விடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். மெயினை இறக்கி, ஃபியூஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை பூத்த நுனியை வெட்டிப் புது நுனி எடுத்துப் பின் லக் அடிக்கச் சொல்லுங்கள். பழுப்பேறிய டெர்மினலை மாற்றச் சொல்லுங்கள். அடுத்த முறை ஸ்டார்ட்டர் வாங்கப் போகும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு சின்னக் காந்தத்தைத் திருகின் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வேறு பெட்டி கேளுங்கள். கேட்கிற ஆள் கூடினால்தான் செய்கிறவர் மாற்றுவார்.